அவர் வெளியே வரும் வரை

சென்னை
14 ஜூலை 2024

சைமாவுக்கு,

என் பெயர் ஹேமாவதி. உங்கள் அண்ணன் தௌசீப் ஆடிய குழுவை நடத்துகிறவள். அவனை அடக்கம் செய்த ஜனாஸா அன்று உங்கள் தெரு முனைவரை வந்து, வீட்டுக்குள் வரத் துணியாமல் திரும்பிப் போனவள். பிறகு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறைக்கு அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். அது நியாயம்தான். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

நாங்கள் மேடையில் ஆடுகிறவர்கள் இல்லை. டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது. மேம்பாலத்தின் அடியில், மார்க்கெட் வாசலில், ரயில் நிலையப் படிக்கட்டில் என்று ஜனங்கள் வந்துபோகிற இடங்களில் ஆடுவோம். அந்த இடத்தில் என்ன நடக்கிறதோ அதை வைத்தே ஆட்டத்தைச் செய்வோம். நிற்கிறவர் நின்று பார்ப்பார், அவசரமாக இருப்பவர் போய்விடுவார். இரண்டு வருடம் முன்பு அப்படி நின்று பார்த்தவன்தான் தௌசீப். கூரியர் பையைத் தோளில் மாட்டியபடி கடைசிவரை பார்த்துவிட்டு, நானும் வரலாமா என்று கேட்டான்.

அவன் போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது நாங்கள் நான்கு பேர். ஆனால் எங்கே ஆடினாலும் ஐந்து பேருக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறோம். அப்படி யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. போன வாரம் ஆட்டத்தின் நடுவில் எங்கள் நால்வரில் ஒருத்தியான கீதா சட்டென்று ஒதுங்கி வழிவிட்டாள். யாருக்கு வழிவிட்டாய் என்று நான் கேட்கவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கென்று தௌசீப் ஓர் ஆட்டம் செய்து எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தான். அதை அதே இடத்தில் ஒரு தடவையாவது ஆட வேண்டும் என்று எங்களுக்கு இருக்கிறது. உங்கள் அப்பாவின் ஸ்கூல் பேக் கடை அங்கே இருப்பது தெரியும். உங்கள் வீட்டார் சம்மதிக்காமல் வரமாட்டேன்.

ஹேமாவதி


உத்திரமேரூர்
22 ஜூலை 2024

ஹேமாவதி அவர்களுக்கு,

கடிதம் வந்தபோது அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். அவர் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது.

வராதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கூரியர் ஆபீசில் சூப்பர்வைசர் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். ஆட்டம் என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் வந்ததில்லை. நடைமேம்பாலத்தில் ஆடும்போது விழுந்துவிட்டார் என்று போலீஸ்காரர் போனில் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள், என் பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். பெற்ற மகனைப் பற்றி ஊரான் ஒருவன் போனில் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படி ஆனதற்கு உங்களுக்கும் பங்கு உண்டு.

ஏனாத்தூரில் எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது போவதில்லை. மதியம் ஒன்றரையிலிருந்து நான்கு மணிவரை கடையில் உட்காருகிறேன். அத்தா மற்ற நேரம் இருக்கிறார். இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்கூல் பை கேட்டால் எடுத்துக் கொடுப்பார். அதற்கு மேல் பேச மாட்டார். வீட்டிலும் அப்படித்தான்.

கால் வழுக்கித் தவறி விழுந்தார் என்று போலீஸ் பேப்பரில் ஒரு வரி இருக்கிறது. இருபத்தேழு வயது மனிதருக்கு அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். கடைக்கே எழுதலாம், மதியத் தபாலை நான்தான் வாங்குவேன்.

சைமா


சென்னை
1 ஆகஸ்ட் 2024

சைமாவுக்கு,

உங்கள் கேள்விக்கு ஐந்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

போன வருடம் நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. முந்தின நாள் முழுக்க மழை. பாலத்தின் படிக்கட்டில் ஆபீஸ் போகிறவர்கள் ஏறி இறங்கும்போது அவர்களோடு கலந்து ஆடுவதாக ஏற்பாடு. ஓர் இடத்தில் ஒருவர் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நிற்க வேண்டும். தௌசீப் ஏறினான். கல் ஈரமாக இருந்தது. நான் பத்தடி தள்ளி இருந்தேன். அவன் கத்தவில்லை. விழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினேன்.

அவனுக்கு ஆர்வம் அதிகம். எதையும் முழுதாகச் செய்ய வேண்டும் என்பான்.

அந்தப் பாலம் நான் தினம் போகிற வழியில் இருக்கிறது. சுற்றுவழியில் போய்ப் பார்த்தேன், இன்னும் மோசமாக இருந்தது. இப்போது பாலத்தின் மேலேயே போகிறேன். அந்தச் சுவரருகே வரும்போது பின்னால் யாரோ கூடவே நடந்து வந்து, நான் நின்றால் நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்ப்பதில்லை.

நீங்கள் வர வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

ஹேமாவதி


உத்திரமேரூர்
27 ஆகஸ்ட் 2024

ஹேமாவதி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். எங்கோ ஏதோ குறைகிறது. எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் எழுத வந்தது வேறு. எங்கள் வீட்டு மாடியில் அண்ணன் ரூம் இருக்கிறது. பூட்டுவதில்லை, யாரும் போவதுமில்லை. ஒரு மாதமாக, மதிய நேரத்தில் அங்கே கால் தேய்க்கும் சத்தம் கேட்கிறது என்று அம்மா சொல்கிறார். தினமும் இல்லை. கேட்கிற நாளில் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஆரம்பிக்கும். நான் கடையில் இருப்பேன். அத்தா பள்ளிவாசலில் இருப்பார். வீட்டில் அம்மா மட்டும். முதலில் பூனை என்று நினைத்திருக்கிறார். பூனை ஒரே இடத்தில் நின்று காலை மாற்றி மாற்றித் தேய்க்காது. ஏறிப் போய்ப் பார்க்க அம்மாவுக்குத் தைரியம் இல்லை. நேற்று நான் மதியம் வீட்டில் இருந்து கேட்டேன். உண்மைதான். எனக்கும் படியேற வரவில்லை.

பஸ் ஸ்டாண்டிலும் இப்படி ஒரு பேச்சு ஓடுகிறது. காஞ்சிபுரம் பஸ் நிற்கும் தூண் பக்கத்தில், கூட்டம் குறைந்த நேரத்தில் அண்ணன் நிற்பது போலத் தெரிகிறதாம். அங்கே பூ விற்கும் சிட்டம்மாளிடம் போய், என் அண்ணன் அங்கே ஏன் நிற்க வேண்டும் என்று கோபமாகவே கேட்டேன்.

அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னாமா நீ, இதுகூட தெரியாதா? அஞ்சு ஞாயித்துக்கெழம அங்கதான ஆடிக்கினு இருந்துச்சி புள்ள."

இரண்டரை மணிக்கு, அத்தா கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அண்ணன் வருவாராம். பாட்டு இல்லை, வேஷம் இல்லை. பையைக் கீழே வைப்பது, ரோட்டைப் பார்ப்பது, கால் கடுத்து மாற்றி நிற்பது, குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றுவது. எல்லாம் அங்கே பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் செய்வதுதான். பூ கட்டி முடித்ததும் சிட்டம்மாள் கையை உதறுவதைக்கூட அப்படியே செய்வாராம். முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லையாம். கௌஸ் பாய் என்று அவர்கள் கூப்பிடும் அத்தாவின் காதுக்குப் போகக்கூடாது என்று கடைக்காரர்கள், கண்டக்டர்கள் எல்லோரும் பேசி வைத்திருந்தார்களாம். மொத்த பஸ் ஸ்டாண்டுக்கும் தெரியும். எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியாது.

மூன்று பேர் இல்லை, இரண்டு பேர். ஐந்தாவது ஞாயிறு அத்தா வீட்டுக்குப் போகாமல் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். பாதி ஆட்டத்தில் வெளியே வந்தார். கத்தவில்லையாம். சிட்டம்மாள் பக்கத்திலேயே இருந்ததால் கேட்டிருக்கிறார்.

"கௌஸ் பாய் மவன் பஸ் ஸ்டாண்ட்ல கூத்தாடறான்னு பேர் வாங்கிட்ட. இனிமே வூட்டுப் பக்கம் வராத."

அண்ணன் பையை எடுத்துக்கொண்டு அப்படியே செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். அது நவம்பர் ஐந்தாம் தேதி. நான்காம் நாள் அவர் விழுந்தார்.

இப்போது அத்தாவின் வாய் ஏன் அடைத்துப்போயிற்று என்று எனக்குத் தெரிகிறது. தான் சொன்ன வார்த்தைதான் மகனைத் தள்ளிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒருவேளை அதுதான் உண்மையோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. அந்த நான்கு நாள் அண்ணன் எப்படி இருந்தார்? அழுதாரா? விழுந்தாரா, இல்லை, தெரிந்தே விட்டுவிட்டாரா? தெரிந்தால் சொல்லுங்கள். அத்தா இப்படியே இருந்தால் எத்தனை நாள் இருப்பார் என்று தெரியவில்லை.

சைமா


சென்னை
8 செப்டம்பர் 2024

சைமாவுக்கு,

போன கடிதத்தில் குறைந்ததை இப்போது எழுதுகிறேன். அதை நான் போலீசிடம் சொல்லவில்லை. குழுவில் யாருக்கும் தெரியாது.

அன்று காலை ஐந்தே முக்காலுக்கு தௌசீப் பாலத்திலிருந்து எனக்கு போன் செய்தான். "அக்கா, சுவர் ரொம்ப வழுக்குது. இன்னிக்கு மேல ஏற வேணாம், படியிலயே வெச்சிக்கலாம்" என்றான். வெளிநாட்டு விழா ஒன்றுக்கு எங்களை அழைக்கலாமா என்று பார்க்க ஒருவர் கேமராவோடு வருவதாக இருந்தது. சுவர் இல்லாமல் அந்த ஆட்டத்தில் ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன். துணியால் துடைத்துவிட்டு ஏறு, ஒரு நிமிஷம்தானே என்று சொன்னேன். பிறகு சரி அக்கா என்றான்.

அவனாகத்தான் ஏறினான், நான் ஏறச் சொல்லவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன்.

அவன் விடவில்லை சைமா. விழுந்தான். பயந்தவனை நான் ஏற்றினேன். உங்கள் அப்பா சொன்ன வார்த்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த பத்து மாதமும் என் பழியை அவர் சுமந்திருக்கிறார் என்று உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தக் கடிதத்தில் முழுப் பெயரும் முகவரியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். கூப்பிட்ட இடத்துக்கு வந்து சொல்கிறேன்.

அந்த நான்கு நாளைப் பற்றிக் கேட்டீர்கள். திங்கட்கிழமை அவன் அழுத கண்ணோடு வரவில்லை. வந்ததும் பஸ் ஸ்டாண்ட் ஆட்டத்தின் முடிவை மாற்ற வேண்டும் என்றான். முன்பு அது பஸ் வந்ததும் எல்லோரும் ஏறிப் போவதாக முடியும். இனி பஸ் வந்தாலும் ஏறக்கூடாது, காத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர் வெளியே வரும் வரை நிறுத்தக்கூடாது என்றான். எவர் என்று கேட்டோம். வருவார், அவர் வந்தால்தான் இது முடியும் என்றான். யாரோ கற்பனை மனிதர் என்று விட்டுவிட்டோம்.

அது உங்கள் அப்பா என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தி. ஹேமாவதி


உத்திரமேரூர்
21 அக்டோபர் 2024

ஹேமாவதி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு மாதம் கைப்பையிலேயே வைத்திருந்தேன். உங்களை என்ன செய்ய வேண்டும் என்று யோசித்த யோசனைகளை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை மதியம் அம்மா கடைக்கு போன் செய்து, மாடியில் மறுபடி கேட்கிறது என்று அழுதார். கடையைச் சிட்டம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். பின்பக்கம் வெளிப்படிக்கட்டு ஒன்று இருக்கிறது. ஏதாவது ஆகட்டும் என்று அதில் ஏறினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அத்தா நின்றுகொண்டிருந்தார். பள்ளிவாசலுக்குப் போன சட்டை, வேட்டி. தொப்பியைக்கூட எடுக்கவில்லை. தரையில் ஒரு பையை வைத்தார். நிமிர்ந்து, கையை நெற்றிக்குக் கொடுத்துத் தூரத்தில் பார்த்தார். வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். குதிகாலைத் தரையில் தேய்த்தார். இல்லாத குழந்தையைத் தூக்கி இடுப்பு மாற்றினார். அறுபத்தொரு வயது. மூட்டுவலி. ஒரு பக்கம் திரும்பி, கையைத் தூக்கின இடத்தில் நின்றுவிட்டார். பிறகு பையை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார். மூன்றாவது தடவை நான் உள்ளே போனேன். அவர் திடுக்கிடவில்லை.

"இதுவரைக்கும்தான் பாத்தேன். அப்புறம் இன்னா பண்ணுவான்னு தெரியல."

பதினோரு மாதத்தில் அவர் என்னிடம் அண்ணனைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்.

அங்கேயே உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சுவர் வழுக்குகிறது என்று அண்ணன் சொன்ன இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அவனுக்குப் பயம் இருந்திருக்கிறது, சாக வேண்டும் என்று போகவில்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டத்தின் முடிவைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தார்.

"அந்தப் பொண்ண வரச் சொல்லு" என்றார்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. அத்தா கேட்டார் என்பதால் எழுதுகிறேன். நவம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, இரண்டரை மணி.

சைமா


சென்னை
28 அக்டோபர் 2024

சைமாவுக்கு,

வருகிறேன். குழுவோடு வரவில்லை, தனியாக வருகிறேன். போட்டோ, வீடியோ எதுவும் இருக்காது. நேராகத் தூணருகே போய்விடுவேன், உங்கள் யாரையும் தேடி வந்து பேசமாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அவன் சொன்னபடியேதான் ஆடுவேன். உங்கள் அப்பா வெளியே வரவில்லை என்றால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

ஹேமாவதி


உத்திரமேரூர்
20 நவம்பர் 2024

ஹேமாவதி அக்காவுக்கு,

அண்ணன் கூப்பிட்டது போலவே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அன்று நீங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினீர்கள். மூன்று மணி பஸ் வந்து போனது, மூன்றேகால் பஸ் வந்து போனது. ஏன் இந்த மனிதர் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கடைக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அத்தா முக்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பை தொங்கிப்போகாமல் இருக்க உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி வைப்போம். அந்த வேலையை எடுத்துக்கொண்டார். நீங்கள் பையைக் கீழே வைத்ததும் வெளியே பேச்சு அடங்கியதைக் கேட்டார். திரும்பவில்லை. ஒரே பைக்குள் பேப்பரைத் திணித்துக்கொண்டே இருந்தார். தையல் விட்டுப் போகிற அளவுக்கு அது உப்பிவிட்டது.

கை தூக்குகிற அந்த இடத்துக்கு வந்துவிட்டாளா என்று கேட்டார். வந்துவிட்டார் என்றேன். அப்போதுதான் முக்காலியைத் திருப்பிப் போட்டு, ஷட்டருக்கு அடியில் தெரிகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அவர் பார்க்காத பாகத்தை அங்கேயிருந்துதான் பார்த்தார். தூக்கின கை மெதுவாக இறங்கி, பக்கத்தில் நிற்கிறவரின் சுமையை வாங்குவதுபோல் வந்ததே, அதைப் பார்த்ததும், "சாமான் தூக்கிக் குடுக்கறான்" என்றார். அண்ணன் சின்ன வயதில் லோடு வரும் நாளில் அவருக்கு அப்படித்தான் கை கொடுப்பாராம். எனக்குத் தெரியாது. நீங்கள் அதைத் தெரிந்து செய்திருக்க முடியாது.

நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஜனங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். சிட்டம்மாள் உங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாராம். யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம். உங்கள் கால் நடுங்குவது உள்ளேயிருந்தே எனக்குத் தெரிந்தது. அத்தா, நீங்கள் போனால்தான் முடியும் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நான் போனா முடிஞ்சிடுமேம்மா" என்றார்.

அதைக் கேட்டதும் உங்கள் காலைப் பற்றி எனக்குக் கவலை இல்லாமல் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் ஆடிக்கொண்டே இருங்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

நீங்கள் தடுமாறி ஒரு கையைத் தரையில் ஊன்றினீர்களே, அப்போதுதான் எழுந்தார். ஷட்டரை நான் தூக்குவதற்குள் குனிந்து வெளியே போய்விட்டார். அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டது.

"போதும்பா. வூட்டுக்கு வா."

உங்களிடம் சொல்லவில்லை என்று உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் எழுந்து அவர் பின்னால் வந்தீர்கள். நீங்கள் வராமல் நின்றிருந்தால் அவர் அந்த நடுவில் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிட்டதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் மாட்டார். நீங்கள் போன பிறகு, உங்கள் தட்டைக் கழுவாமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். அது கோபமா வேறு ஏதாவதா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தது பொய் என்று நீங்கள் போய்ச் சொல்லத்தான் வேண்டும். அதில் நான் மாறவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அத்தாவிடம் சொன்னேன். நியாயம்தான், சொல்லத்தான் வேண்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீயும் கூடப் போ. தனியா போனா அந்தப் பொண்ணு பயந்துக்கும்" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை, முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து அங்கிருந்து ரயிலில் வருகிறேன். ஒன்பது மணிக்குள் வந்துவிடுவேன். மழை வரும் என்கிறார்கள். அந்தப் பாலம் இருக்கிற ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடைப் பக்கம் நில்லுங்கள். பாலத்தின் மேல் வேண்டாம்.

சைமா